வலது ஸ்கீயின் மூன்று ஆணிகள்

ஜனவரி 11, வெள்ளி

காலைப் பேருந்தில் இவரை ஏற்றிவிட்டேன். ஒஸ்லோவில் இவருடைய தம்பி வேலை செய்யும் களஞ்சியசாலையிலேயே இவருக்கும் இடம் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை தொடக்கம். இங்கே மீன் பண்ணையை மூடிய நாளிலிருந்து இவர் வீட்டுக்குள் நடந்து திரிந்ததைப் பார்த்தவள் நான். போனது நல்லது. பெப்ரவரி முதலாம் திகதி வாகனம் பிடித்துக்கொண்டு வந்து சாமான்களையும் என்னையும் ஏற்றிப்போவதாக ஏற்பாடு. அரைவாசிச் சாமான் இப்போதே பெட்டிகளுக்குள். இவர் போவதற்கு முன் சாப்பாட்டு மேசையையும் கழற்றிவிட்டார்.

இந்தப் பள்ளத்தாக்குக்குத் துளசிகாவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்தோம். இப்போது அவள் ஒஸ்லோவில் பல்கலைக்கழகம் போகிறாள். கோயில், தமிழ்க் கடை, சொந்தக்காரர் எல்லாம் அங்கேதான். இங்கே எங்கள் வீட்டைத் தவிர வேறு தமிழ் வீடு இல்லை. போவதுதான் சரி. நானும் சரி என்றுதான் சொன்னேன்.

நகரசபையின் வீட்டுப் பராமரிப்புப் பிரிவில், நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை எனக்கு. அங்கே எனக்கு மேலே இருப்பவ இங்குன். வேலையை விடுகிறேன் என்று அவவிடம் இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை, அவசரமாக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தா. திங்கள் சொல்லலாம்.

ஜனவரி 13, ஞாயிறு

நாள் முழுக்கப் பனி. பெட்டி ஒன்றும் கட்டவில்லை.

ஜனவரி 14, திங்கள்

விடியற்காலையில் மலையிலிருந்து பனிச்சரிவு விழுந்து கடலோரப் பாதையை மூடிவிட்டது. பேருந்து இல்லை, பால் வண்டி இல்லை. என்னோடு வேலை செய்யும் மற்ற இருவரும் பாதைக்கு அந்தப் பக்கம். எஞ்சியது இங்குனும் நானும்தான்.

ஊருக்குள் இருப்பவர்களை நடந்தே பார்த்து முடித்தோம். தூர்லைஃப்தான் சிக்கல். மேல் பண்ணையில் தனியாக இருக்கும் கிழவர். நீரிழிவு, கண்ணும் கிட்டத்தட்டப் போய்விட்டது. ஊசியில் அளவு பார்க்க அவரால் முடியாது. ஒவ்வொரு காலையும் நான்தான் காரில் போய்ப் போடுவேன். முதல் வருடம் என்னைக் கதவுக்கு உள்ளேயே விடவில்லை. வேறு ஆளை அனுப்பச் சொல்லி நகரசபைக்குத் தொலைபேசி எடுத்தார். இப்போது நான் லீவு எடுத்தால்தான் தொலைபேசி எடுத்துக் குறை சொல்கிறார்.

இன்று ரெட் குரொஸ்காரர் பனி ஸ்கூட்டரில் இங்குனை மேலே கொண்டுபோய் இறக்கினார்கள். நாளையிலிருந்து ஸ்கூட்டர் சரிவு விழுந்த இடத்துக்குத் தேவையாம். இங்குன் மத்தியானம் எங்கள் வேலை அறைக்குள் வந்து, என்னைப் பார்க்காமல் கேட்டா: "காட்டுப் பாதையால ஸ்கீயில போகலாம். அந்தப் பக்கம் சரிவுப் பயமில்லை. ஆனா ஆர் போறது? என்ர முழங்கால் ஏலாது."

"நான் போறன்," என்றேன்.

அவ நிமிர்ந்து பார்த்தா. "லோஜினி, உனக்கு ஸ்கீ ஓடத் தெரியுமோ?"

தெரியும். வெளிநாட்டுப் பெண்களுக்கென்று நகரசபை வைத்த வகுப்பில் படித்தேன். முதல் நாள் நின்ற நேரத்தைவிட விழுந்து கிடந்த நேரம் அதிகம். மற்றவர்கள் எல்லாரும் அந்த மாதத்தோடு விட்டார்கள். நான் பள்ளிக்கூடச் சந்தையில் பழைய ஸ்கீப் பலகைகள் ஒரு சோடி வாங்கி, வெளிச்சம் போட்ட பாதையில் பின்னேரங்களில் தனியாக ஓடினேன். ஒஸ்லோ மச்சாள்மார் நான் ஸ்கீ ஓடும் படத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்தப் பைத்தியத்துக்கு இவர் 'உம்மட விசர்' என்று பெயர் வைத்திருக்கிறார்.

பின்னேரம் இவர் தொலைபேசி எடுத்தார். "இங்குனிட்டச் சொல்லிப்போட்டீரோ?"

"றோட்டுப் பூட்டிக் கிடக்கு. அந்த மனுசி அந்தரப்பட்டுத் திரியுது. இதுக்குள்ள எப்பிடிச் சொல்லுறது?"

"சரி, நாளைக்குச் சொல்லும்."

ஸ்கீ விஷயத்தை நான் சொல்லவில்லை. புது வேலை, களைத்துப்போயிருப்பார்.

ஜனவரி 15, செவ்வாய்

பொங்கல். ஆனால் பொங்கியது பின்னேரம்தான்.

காலையில் இருட்டோடு வெளிக்கிட்டேன். நெற்றியில் விளக்கு, முதுகுப்பையில் மருந்து. காட்டுக்குள் காற்று இல்லை. மரங்கள் எல்லாம் மூடிக்கட்டிக்கொண்டு நின்றன. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, ஆனாலும் கால் ஒரு தாளத்துக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில் உலகத்தில் நான் ஒருத்திதான் நடமாடுகிறேன் என்பது போல இருந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, பெருமையாகத்தான் இருந்தது.

பாதி வழியில் வலது கால் லேசாக ஆடத் தொடங்கியது. சப்பாத்தின் நுனியைக் கௌவிப் பிடிக்கும் பூட்டுக்கு இங்கே பிண்டிங் என்று பெயர். அது மூன்று ஸ்குரூ ஆணிகளில் ஸ்கீயோடு இறுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு அடிக்கும் 'டக்' என்றது.

தூர்லைஃப் வாசலிலேயே நின்றார். "ஆர் அது?"

"லோஜினி."

"கார்ச் சத்தம் கேக்கேல்லை."

"ஸ்கீயில வந்தனான்."

கதவை அகலத் திறந்து பிடித்தார். பிறகு சொன்னார்: "வலது பக்கம் ஆடுது. அங்கால வரேக்கையே கேட்டது."

ஊசி போட்டு, காலை உணவு கொடுத்துவிட்டுத் திரும்பினேன். பாதையில் வரும் பழைய மில்லுக்கு மேலே இருக்கும் செங்குத்து இறக்கத்தில், முன்பு இந்தப் பக்கம் ஓட வந்த நாட்களைப் போலவே, ஸ்கீயைக் கழற்றிக் கையில் பிடித்து நடந்துதான் இறங்கினேன். அந்த இடத்தில் நான் ஒருநாளும் ஓடியதில்லை. கீழே வந்து மறுபடி மாட்டி நாலு அடி வைக்க, பிண்டிங் முழுதாகக் கழன்று என் சப்பாத்தோடு வந்தது. மிச்சத் தூரம் இடுப்பளவு பனிக்குள் ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். நல்லவேளை, ஒருவரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து குசினியில் நிலத்தில் கடதாசி விரித்து வேலையைத் தொடங்கினேன். மூன்று ஆணிகளில் ஒன்றுதான் பிடித்தது. மற்ற இரண்டும் சும்மா சுற்றின. லாச்சிக்குள் கிடந்த ஸ்குரூட்ரைவர் ஆணித் தலைக்குள் சரியாக உட்காராமல் வழுக்கி வழுக்கித் தலையைத்தான் சுரண்டியது. ஓட்டைக்குள் தீக்குச்சிகளை முறித்து வைத்து, அதற்கு மேலே ஆணியை இறுக்கினேன். இறுகியது. கையால் ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை.

பிறகு கை கழுவி, சட்டியை வைத்துப் பொங்கினேன். தனி ஆளுக்குப் பொங்கினாலும் பொங்கி வழிந்தது.

ஜனவரி 16, புதன்

தீக்குச்சி நிற்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்துவிட்டேன். திரும்பும்போது மறுபடியும் கழன்றது. இந்த முறை முகம் அடிபட விழுந்தேன். உதடு வீங்கியிருக்கிறது. எழும்பி உட்கார்ந்து, நோர்வேயில் படித்த தூஷணம் ஒன்றும் யாழ்ப்பாணத்தில் படித்தது ஒன்றுமாகச் சத்தமாகச் சொன்னேன். காடு வாங்கி வைத்துக்கொண்டது.

ஸ்கீ விற்கும் கடை பாதைக்கு அந்தப் பக்கம். இப்படியான வேலைக்கு இவரைக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லித் தருவார். அந்த நேரம் வேலையில் நிற்பார் என்று கேட்கவில்லை.

தொலைபேசியில் ஒரு காணொளி தேடிப் பிடித்தேன். தாடி வைத்த ஒருவர் அவசரமே இல்லாமல் விளக்கினார். அவர் சொன்னதில் பாதி ஸ்வீடிஷ், ஆனால் கை செய்தது விளங்கியது. முதலாவது, ஆணித் தலை வெறும் கூட்டல் குறி இல்லை. நாலு மூலையிலும் மெல்லிய கீறுகள் இருக்கின்றன. அதற்கென்று வேறு ஸ்குரூட்ரைவர். அலுமாரி, கட்டில் பூட்டுகிற அதே சாதி. அப்படியென்றால் வீட்டில் இருக்கிறது. இவர் மேசையைக் கழற்றியது அந்த ஸ்குரூட்ரைவரால்தான். ஆனால் அது கிடக்கும் இவருடைய ஆயுதப் பெட்டி, நாடா ஒட்டிக் கட்டிய பெரிய பெட்டிக்குள்.

அந்த ஒரு பெட்டியை மட்டும் திறந்தேன். மரப் பசையும் அதற்குள்ளேயே கிடைத்தது. ஓட்டைக்குள் ஈரம் இருந்தால் பசை பிடிக்காது என்பதால் தலைமயிர் உலர்த்துகிற மெசினும் தேவைப்பட்டது. அது வேறு பெட்டி. அந்தப் பெட்டியில் தேத்தண்ணீர்க் கோப்பைகளும் இருந்தபடியால் அவற்றையும் வெளியே எடுத்தேன். எத்தனை நாளைக்குக் கடதாசிக் கோப்பையில் குடிப்பது.

பிண்டிங்கை முழுதாகக் கழற்றினேன். ஓட்டைகளைச் சூடு காட்டிக் காயவைத்தேன். சட்டி தேய்க்கிற இரும்பு நாரில் சில இழைகளைப் பிய்த்து முறுக்கி, பசையில் தோய்த்து, பல்லுக்குச்சியால் ஓட்டைக்குள் தள்ளினேன். ஓட்டைச் சுவர் தேய்ந்து போனதால்தான் ஆணிக்குப் பிடி இல்லை. நார் அந்தப் பிடியைக் கொடுக்கும். பிறகு ஆணி. எடுத்த எடுப்பில் முறுக்கக்கூடாது. முதலில் எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்ப வேண்டும். பழைய புரி வந்ததும் ஆணி ஒரு சின்ன இறக்கம் இறங்கும். விரலுக்குத் தெரியும். அந்த இடத்திலிருந்து முன்னுக்கு. மூன்றையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக. இறுகியதும் நிறுத்த வேண்டும். 'இன்னும் ஒரு திருப்பு' என்று கை கேட்கும், அந்த ஒரு திருப்பில்தான் மறுபடி எல்லாம் தேய்ந்துபோகும். நான் நிறுத்தினேன்.

வழிந்த பசையைத் துடைத்து, அடுப்புக்குக் கிட்டவும் இல்லாமல் குளிரிலும் இல்லாமல் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். விடியும்வரை தொடக்கூடாது. எழுதிக்கொண்டே மூன்று தடவை எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டேன். தொடவில்லை. துளசிகாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். இதயம் ஒன்று அனுப்பினாள்.

ஜனவரி 17, வியாழன்

பிடித்துவிட்டது.

போக, வர, ஏற்றம், இறக்கம், ஒரு அசைவு இல்லை. தூர்லைஃப் வாசலில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார். "இண்டைக்குச் சத்தமில்லை. ஆர் திருத்தினது?"

"நான்."

"ம்." அவ்வளவுதான். ஆனால் இன்று அவரே கோப்பி ஊற்றித் தந்தார். பாதி மேசையில், பாதி கோப்பையில்.

பின்னேரம் இவர் எடுத்தார். குரலிலேயே தெரிந்தது, மகள் படத்தைக் காட்டிவிட்டாள்.

"நீர் மலைக்கு ஸ்கீயில போறீராம்."

"ஓம்."

"ஆர் போகச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஆர் போறதெண்டு கேட்டவை. நான் ஓமெண்டனான்."

"ரெண்டு கிழமையில விட்டிட்டு வாற வேலை. அதுக்கு விழுந்து காலை முறிக்கப் போறீரோ? நாளைக்குப் போகாதேயும்."

"அந்தாளுக்குக் கண் தெரியாதப்பா. ஊசி ஆர் போடுறது?"

"அது நகரசபை பாக்கவேணும்."

"நகரசபை எண்டு இப்ப இஞ்ச நிக்கிறது நான்தான்."

அவருக்குப் பின்னால் யாரோ பெட்டிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு, "இங்குனிட்டச் சொன்னீரோ?" என்று கேட்டார். காற்றுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இங்கே காற்று அவ்வளவு இல்லை.

ஜனவரி 18, வெள்ளி

மத்தியானம் மின்சாரம் போனது. கொஞ்ச நேரத்தில் தொலைபேசிக் கோபுரமும் செத்துவிட்டது. மெழுகுதிரி இருந்த பெட்டியையும், கம்பளி இருந்த பெட்டியையும் திறக்க வேண்டி வந்தது. காலையில் மேலே போய் வந்தாயிற்று. தூர்லைஃப்பின் விறகு அடுப்பு எரிகிறது. கிட்ட விறகு அடுக்கி வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 20, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

காலையில் மேல் பண்ணைக்குப் போய்த் தூர்லைஃப்பின் வீட்டுக் கதவைத் தட்டினேன், பதில் இல்லை. தள்ளித் திறந்தேன். உள்ளே வெளியைப் போலவே குளிர். தூர்லைஃப் குசினி நிலத்தில் கிடந்தார். விறகு எடுக்கப் போய் விழுந்திருக்கிறார். ஒரு கால் பார்க்கவே கூடாத மாதிரித் திரும்பியிருந்தது. அடுப்பு அணைந்து எவ்வளவு நேரமோ.

"தூர்லைஃப், நான் லோஜினி. கேக்குதோ?"

நாக்குக் குழறியது. உடம்பு நடுங்கவில்லை, அதுதான் எனக்குப் பயம். நெற்றி மட்டும் வியர்த்திருந்தது. விரலில் குத்திச் சீனி அளவு பார்த்தேன். கடுமையாக இறங்கியிருந்தது. இன்றைக்கு ஊசி வேண்டாம். அலுமாரிக்குள் பழரசத் தண்ணீர் இருந்தது. தலையைத் தூக்கிப் பிடித்து, கரண்டி கரண்டியாக, ஒவ்வொன்றையும் விழுங்கினாரா என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். அடுப்பை மூட்டினேன். காலை அசைக்காமல், கட்டிலில் கிடந்த எல்லாவற்றையும் கொண்டுவந்து அவருக்குக் கீழும் மேலும் போட்டேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் வந்தது. அது நல்லது. கண் என் பக்கம் திரும்பியது.

"ஆட்டுக்குத் தீன் வைக்கேல்லை," என்றார்.

"வைக்கலாம். கால் முறிஞ்சிருக்கு. நான் கீழ போய் ஆக்களைக் கூட்டி வரவேணும்."

"தொலைபேசி?"

"வேலை செய்யேல்லை."

என் கையைப் பிடித்தார். எலும்பும் குளிருமாக ஒரு பிடி. "நீ வருவாய்தானே?"

"வருவன்."

மறுபடி சீனி அளவு பார்த்தேன். ஏறியிருந்தது. அடுப்பில் பெரிய கட்டைகளாக வைத்துவிட்டு வெளிக்கிட்டேன்.

மில்லுக்கு மேலே இருக்கும் இறக்கத்துக்கு வந்ததும் நின்றேன். கழற்றி நடந்தால் பனிக்குள் புதைந்து புதைந்து இறங்க வேண்டும். அவ்வளவு நேரம் அவரிடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. ஓடினால், விழுந்தால், இரண்டு பேர் மலையில் கிடப்போம், ஒருவருக்கும் தெரியாது.

குனிந்து வலது பிண்டிங்கைக் கையால் ஆட்டிப் பார்த்தேன். கல்லு மாதிரி நின்றது. என்னுடைய கை வேலை. அதை நம்பாமல் வேறு எதை நம்புவது.

முழங்காலை மடித்தேன். ஸ்கீ நுனிகளை உள்ளுக்குத் திருப்பினேன். போனேன்.

வேகம் எனக்குப் பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. கண்ணில் நீர் வந்து எல்லாம் வெள்ளையாகிவிட்டது. வளைவில் என் பாரம் முழுவதும் வலது காலில்தான் வந்தது. அந்த மூன்று ஆணிகளும் என்னைத் தாங்கின. ஒரு மரக்கிளை தோளில் அடித்தது. விழவில்லை. மில் கூரை எனக்குப் பக்கத்தால் போனது. அதன் பிறகு சமதரை. நான் நின்றுகொண்டிருந்தேன். என் வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்துகொண்டிருந்தது. அழுகையா சிரிப்பா என்று பார்க்க நேரம் இல்லை.

சரிவு விழுந்த இடத்துக்கு நேரே போனேன். ஸ்கூட்டர்காரர் இருவரும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். சொன்னேன். ஒருவர் என் ஸ்கீயையும் மலையையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மில் இறக்கத்தாலயோ வந்தனீங்கள்?"

"ஓம். கெதியா வாங்கோ. நானும் வாறன், அவருக்கு வாக்குக் குடுத்திட்டு வந்தனான்."

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து மறுபடி மேலே போனேன். தூர்லைஃப்பைக் கட்டி இறக்கி, கடற்கரையில் நின்ற படகில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். படகு கயிறு அவிழ்க்கும் முன் அவர் என்னைத் தேடினார். நான் இங்கேதான் நிற்கிறேன் என்று சொன்னேன். ஸ்கூட்டர்காரர் பின்னேரம் போய் ஆடுகளுக்குத் தீன் வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தோடு படுத்துவிட்டேன்.

ஜனவரி 22, செவ்வாய்

மின்சாரம் வந்தது, பாதையும் திறந்தது. தூர்லைஃப்புக்குச் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததாம். கண் விழித்ததும் ஆட்டைப் பற்றிக் கேட்டாராம்.

கடையில் பாண் எடுக்கப் போனேன். முன்பு தலையை மட்டும் அசைக்கிறவர்கள் நின்று கதைக்கிறார்கள். இங்குன் எல்லாருக்கும் முன்னால் என்னைக் கட்டிப் பிடித்தா. சொல்வதற்கு அது சரியான இடம் இல்லை.

இவரோடு கதைத்தேன். நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு வாறன்," என்றார்.

ஜனவரி 25, வெள்ளி

இவர் வந்தார். மெலிந்துவிட்டார். வீட்டுக்குள் வந்து நாலு பக்கமும் பார்த்தார். கழற்றிய மேசை மறுபடி பூட்டியபடி நிற்கிறது. கோப்பைகள் அலுமாரியில். சுவரில் சாமிப் படங்கள். திறக்காத பெட்டி எது என்று தேடினால்தான் தெரியும். மீன் குழம்பு வைத்திருந்தேன், இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

ஜனவரி 26, சனி

காலையில் எழும்பி வர, இவர் வாசலில் குந்தியிருந்து என் வலது ஸ்கீயை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரலால் பிண்டிங்கைத் தள்ளிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார்.

"ஆர் பூட்டித் தந்தது?"

"நான்தான் பூட்டினது."

"ஓட்டை தேஞ்சு போயிருக்குமே. நானெண்டால் தீக்குச்சிதான் வைச்சிருப்பன்."

"நானும் முதல் அதுதான் வைச்சனான். நிக்கேல்லை. பிறகு இரும்பு நாரும் உங்கட பசையும்."

தலையை ஆட்டினார். ஸ்கீயைக் கவனமாகச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: "இங்குனிட்டச் சொல்லேல்லை, என்ன?"

"இல்லை."

"சொல்லப்போறீரோ?"

"இல்லை."

இவ்வளவு நாளும் நான் எழுதியதைத் திருப்பிப் பார்த்தால், நேரம் கிடைக்கவில்லை என்றுதான் இருக்கிறது. நேரம் கிடைத்தது. அந்த 'இல்லை'யைச் சொன்ன பிறகு நெஞ்சுக்குள் நிறைய இடம் வந்தது.

"அங்க சனமிருக்கு, கோயிலிருக்கு, பிள்ளை இருக்கிறாள்," என்றார். சண்டைக்குச் சொல்லவில்லை. களைப்பாகத்தான் சொன்னார்.

"இருக்கினம். போய்ப் பாத்திட்டு வரலாம். ஆனா அங்க போய் நான் ஆரப்பா? இஞ்ச என்னை ஒரு மலைக்கே தெரியும்."

"என்னை வேண்டாமெண்டுறீரோ?"

"உங்களை ஆர் வேண்டாமெண்டது? ஒஸ்லோவைத்தான் வேண்டாமெண்டுறன்."

வெளியே பனியைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கு இஞ்ச என்ன இருக்கு, லோஜி? பண்ணை பூட்டின பிறகு இந்த ஊரில என்னை ஒருத்தர் வந்து கேட்டதில்லை. நீர் வேலைக்குப் போன பிறகு நான் யன்னலுக்குள்ளால றோட்டைப் பாத்துக்கொண்டு நிண்டனான். அங்க, பெட்டி தூக்கிற வேலையெண்டாலும், விடிய என்னை ஆரோ எதிர்பாத்துக்கொண்டு நிக்கினம்."

அவர் நடந்து திரிந்ததைப் பார்த்தேன் என்று முதல் நாள் எழுதியிருக்கிறேன். பார்த்தேன், அவ்வளவுதான். கேட்கவில்லை. பக்கத்தில் போய்க் குந்தினேன். இரண்டு பேருக்கும் குளிர்ந்தது, இரண்டு பேரும் எழும்பவில்லை.

"அப்ப நீங்கள் அங்க நில்லுங்கோ," என்றேன். "நான் இஞ்ச நிக்கிறன். லீவு கிடைக்கிற நேரம் நீங்கள் வாங்கோ, மற்ற நேரம் நான் வாறன். கோடை வரைக்கும் பாப்பம்."

"சனம் என்ன சொல்லும்?"

"என்னவும் சொல்லட்டும்."

சிரித்தார். வாய் மூடிய சிரிப்பு. "உம்மட விசர்," என்றார். ஆனால் இந்த முறை அந்தச் சொல் வேறு மாதிரி இருந்தது.

ஜனவரி 27, ஞாயிறு

மத்தியானப் பேருந்துக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வெயில். பாதை ஓரங்களில் பனி ஆள் உயரத்துக்கு. தரிப்பிடத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். சாரதி இறங்கி வந்து இவருடைய பையை வாங்கினார். வேறு இடத்தவர், முன்பு கண்டதில்லை. "ரெண்டு பேரோ?" என்று கேட்டார்.

இவருக்கு நோர்வே மொழி கதைப்பதென்றால் கூச்சம். மீன் பண்ணையில் இத்தனை வருடமும் தலையாட்டியே காலம் கழித்தவர். கடையில்கூட என்னைத்தான் கேட்க விடுவார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"இல்லை. நான் மட்டும்தான். இவ என்ர மனுசி. இவவால வரேலாது, இஞ்ச இவவுக்கு வேலை இருக்கு." இலக்கணம் எல்லாம் பிழை. நிறுத்துவார் என்று நினைத்தேன், நிறுத்தவில்லை. "மேல் பண்ணைக் கிழவன் இண்டைக்கு உயிரோட இருக்கிறதெண்டால் இவவாலதான். றோட்டு இல்லை, கரண்ட் இல்லை. ஸ்கீயில போனவ. அந்த ஸ்கீயும் உடைஞ்சு போய், குசினிக்க வைச்சுத் தானே திருத்தினவ. ஒரு கடைக்காரனும் அப்பிடிப் பூட்டமாட்டான். நான் பாத்தனான்."

சாரதி தொப்பியைக் கொஞ்சம் தூக்கினார். நின்றவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். வழமையாக இப்படி யாராவது பார்த்தால் நான் நிலத்தைப் பார்ப்பேன். இன்று பார்க்கவில்லை.

இவர் ஏறி யன்னலோரம் இருந்தார். பேருந்து வெளிக்கிட்டது. வளைவில் அது திரும்பும்வரை நின்றேன். பிறகு, இன்று என் முறை என்பதால், வேலைக்குப் போனேன்.